பகலில் பார்த்த இரவுக்கூத்து

‘சுபகிருது ஆண்டு, ஆவணித் திங்கள், வளர்பிறைப் பதின்மூன்றாம் நாள். நேற்று ஒரு சிறு பிழை செய்தேன். “பிள்ளைவிழுங்கி வதம்” கூத்தின் வெள்ளோட்டத்தைப் பட்டப்பகலில் பார்த்தோம். பந்தம் ஏற்றிக் காட்டச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மாலைப் பாடத்துக்கு நேரமாகிவிட்டதே என்று வாயை மூடிக்கொண்டேன். வெள்ளைக் கொடிக்குக் கை தூக்கினேன். இதைப் பிழை என்று எழுதலாமா என்பதும் விளங்கவில்லை.’

செம்பியாற்றின் வடகரையில், அரியநல்லூர்க் கோட்டையின் நிழல் நீரில் நீண்டு கிடந்த அந்தி வேளையில், படித்துறையின் கடைசிப் படியில் அமர்ந்து ஓலையில் இவ்வாறு கீறிக்கொண்டிருந்த இளைஞனின் பெயர் வெண்காடன். மேற்கே செம்பஞ்சுக் குழம்பைக் கொட்டியதுபோல் வானம் சிவந்திருக்க, கிழக்கே முழுமையடைய இன்னும் இரண்டு நாள் பாக்கியிருந்த நிலவு நாணற்காட்டுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. அந்த அழகில் எதையும் அவன் கண்கள் பார்க்கவில்லை. ஓலையில் எழுதிய கடைசி வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான்.

வாசகர்களே, அரியநல்லூரின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்நாட்டில் எந்தக் கூத்தும் மக்கள் முன் ஆடப்படுவதற்கு முந்தைய நாள் கூத்தாய்வு அவையின் ஐவர் முன் ஆடிக் காட்டப்படும். கண்டபின் அவர்கள் அரங்கின் கம்பத்தில் ஒரு கொடி ஏற்றச் சொல்வார்கள். வெள்ளையென்றால் எல்லோரும் வரலாம். மஞ்சளென்றால் பிள்ளைகள் பெற்றோர் மடியிலிருந்து பார்க்கலாம். சிவப்பென்றால் பெரியவர்கள் மட்டும். சிவப்பு ஏறிய அன்று வாயிலில் குறுக்கே ஒரு கம்பு வைக்கப்படும். குனியாமல் அதன் கீழே நுழையக்கூடிய எவருக்கும் உள்ளே இடமில்லை. அரச குலத்துக்கும் விலக்கில்லை. வெள்ளைக் கொடிக்கு மட்டும் ஐந்து கைகளும் உயர வேண்டும்; பிறகு ஒருவர் கையை மீட்டாலும் மறுஆய்வு முடியும்வரை சிவப்பே பறக்கும். அந்த ஐவரில் இளையவன், பகலில் அவைப் பணியும் மாலையில் மடத்தில் நாடக இலக்கணப் பாடமுமாகக் காலம் கழிப்பவன், நம் வெண்காடன்.

“என்ன ஐயா, ஓலையத் தின்னுடுவீங்க போல இருக்கே!”

திடுக்கிட்டு நிமிர்ந்தான். கூத்துக் குழுவின் பந்தக்காரி கொற்றி, இடுப்பில் எண்ணெய்க் குடத்தோடு மேல்படியில் நின்றாள். ஆடுவோர் முகத்துக்கு வெளிச்சம் பிடிப்பது அவள் வேலை. ஒரு மாதத்துக்கு முன் வடக்கே ஏதோ ஊரிலிருந்து வந்து சேர்ந்தவள் என்று சொன்னார்கள். அவளைக் காணும்போதெல்லாம் தான் சொல்ல எண்ணியிருந்த நான்கு சொற்களில் மூன்று மறந்துபோவதை வெண்காடன் கவனித்திருந்தான்.

“நேற்றைய ஆய்வைச் சரிபார்க்கிறேன். ஆபாசச் சொல் இல்லை. குருதி காட்டப்படவில்லை. கொலை இரண்டு, இரண்டும் அரக்கர்கள்.”

“அந்தப் பிள்ளைவிழுங்கி வந்தப்ப என்ன பண்ணுனீங்க?”

“சிரித்தோம். பகல் வெயிலில் அந்த முகமூடி வெந்த பூசணிக்காய் மாதிரி இருந்தது.”

கொற்றி சிரிக்கவில்லை. “ராத்திரி ஆடுற கூத்த வெயில்ல வச்சுப் பாத்தீங்க. மத்தளத்தத் தட்டல, வேசத்துணி கட்டல, பந்தம் ஏத்தல. மாப்பிள்ளை பாக்கப் போயி அவன் செருப்ப மட்டும் பாத்துட்டு வந்த கதைதான்!”

“ஏன், இரவில் என்ன மாறிவிடும்?”

“நான் பந்தம் பிடிக்கிறவ. எங்க பிடிக்கச் சொல்றாங்களோ அங்க பிடிப்பேன். வந்து பாருங்க.” குடத்தை நீரில் அலம்பிக்கொண்டு அவள் போய்விட்டாள். அவள் குரலில் கேலியைவிடக் கோபமே மிகுந்திருந்ததை நினைத்தபடி வெண்காடன் எழுந்தான்.

அரங்கம் நிரம்பியிருந்தது. வெள்ளைக் கொடி என்றதும் ஊரிலிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு நடுவே, தந்தம் இழைத்த சிற்றாசனத்தில், ஏழு வயது அரசி திருநிலைநாச்சியார் கால்களை ஆட்டிக்கொண்டு பொரி தின்றுகொண்டிருந்தாள். தந்தை சென்ற ஆண்டு போரில் மாண்டபின் முடி அவள் தலைக்கு வந்தது. ஆட்சி அமைச்சர் விழுப்பரையர் கைக்குப் போனது. ஆனால் போர் தொடங்க மட்டும் அமைச்சரால் ஆகாது. அரசி தன் வாயால் ‘எனக்குச் சம்மதம்’ என்று அவையோர் முன் சொல்லி முத்திரை மோதிரத்தை அழுத்த வேண்டும். ஆற்றுக்கு அப்பால் தென்கரை நாட்டின் வயல்களின்மேல் விழுப்பரையருக்கு நெடுநாளாகக் கண் என்பதையும், அக்குழந்தை மூன்று முறை ‘வேணாம்’ என்று சொல்லிவிட்டாள் என்பதையும் ஊரே அறியும்.

மத்தளம் அதிர்ந்தது. நேற்று கேளாத அந்த ஒலி வெண்காடனின் வயிற்றுக்குள் புகுந்தது. திரைக்குப் பின்னாலிருந்து பிள்ளைவிழுங்கி வந்தான். கொற்றியின் பந்தம் அவன் மோவாய்க்குக் கீழே, நிலத்தை ஒட்டிப் பிடிக்கப்பட்டிருந்தது. வெந்த பூசணிக்காயாகத் தெரிந்த அதே முகமூடியின் கண்குழிகள் கிணறுகளாயின; பற்களின் நிழல் நெற்றிவரை ஏறியது. யாரோ ஒரு பிடி குங்கிலியப் பொடியை நெருப்பில் வீச, அரங்கமே ஒரு கணம் தீப்பிழம்பாகி அடங்கியது. அவன் துணிப் பொம்மையொன்றைத் தூக்கி வாயருகே கொண்டுபோனான். மறைவிலிருந்து உண்மையான குழந்தையின் அலறல் போல ஒரு குரல் எழுந்தது.

அவன் தலையிலிருந்தது என்ன? நீல நிறம், சிவப்புக் கரை. தென்கரை ஆண்கள் கட்டும் தலைப்பாகை! வெள்ளோட்டத்தில் அது அவன் தலையில் இல்லை.

முன்வரிசையில் ஒரு பிள்ளை வீறிட்டது. தொடர்ந்து இன்னொன்று. சற்று நேரத்தில் அழுகை வேறொன்றாக மாறியது. “தென்கரையான்! தென்கரையான்! அடி, கொல்லு!” என்று எட்டு வயதும் ஒன்பது வயதும் ஆனவர்கள் தொண்டை கிழியக் கூவினார்கள். உப்பு விற்க வந்து கூத்துப் பார்க்க அமர்ந்திருந்த தென்கரைப் பெண்ணொருத்தியின் மகள்மேல் ஒரு கல் வந்து விழுந்தது. எறிந்தவளுக்கு ஆறு வயதிருக்கும். அதுவரை உப்புக்காரி மகளோடு ஒரே கூம்பிலிருந்து கடலை தின்றுகொண்டிருந்தவள் அவள்தான்.

சிற்றாசனத்தில் அரசி கால் ஆட்டுவதை நிறுத்தியிருந்தாள். விழுப்பரையர் அவள் காதருகே குனிந்தார்.

“பயமாக இருக்கிறதா, தாயே? நாளைக் காலை அந்த மோதிரத்தை ஒருமுறை அழுத்திவிட்டால் போதும். பிறகு இவர்கள் வரவே மாட்டார்கள்.”

குழந்தை மெல்லத் தலையசைத்தாள்.

மூன்று முழத் தொலைவில் நின்ற வெண்காடனின் காதில் அது விழுந்தது. இத்தனை பேருக்காகவா இந்தக் கூத்து? இல்லை. ஒரே ஒரு குழந்தைக்காக எழுதப்பட்டது! அவள் கண்களுக்குள் இதை நுழைக்கத் தேவைப்பட்ட திறவுகோல் ஒரு வெள்ளைத் துணி. அதைச் செய்து கொடுத்தவன் அவனே.

முதல் கட்டம் முடிந்து திரை விழுந்ததும் அவைத்தலைவர் உடையபிள்ளையிடம் பாய்ந்து சென்றான். அவர் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, கொடியை இறக்கச் சொல்லுங்கள்!”

“வெண்காடா, வெள்ளோட்டத்தில் கண்டதே சட்டம். கண்டோம், கை தூக்கினோம். முடிந்தது.”

“நாம் கண்டது இதையல்ல! ஏன் பகலில் பார்க்கிறோம், சொல்லுங்கள்.”

“எனக்கு மாலைக்கண். மற்றவர்களுக்கு விளக்கு வைப்பதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். இருபது ஆண்டாக இப்படித்தான் நடக்கிறது.”

“இருபது ஆண்டாக! கோட்டைக்கு இரட்டைக் கதவு வைத்தீர்கள், களஞ்சியத்துக்குப் பூட்டு வைத்தீர்கள். குழந்தையின் கண்ணுக்கு இந்தக் கொடி ஒன்றுதானே கதவு? அதை நம் சோற்று நேரத்துக்குத் தக்கபடியா திறந்து மூடுவது?”

அவர் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து விழுப்பரையரின் குரல் கேட்டது. “கலையை நெரிக்க வந்த கரம் எது என்று பார்த்தேன். மடத்துப் பையனா! கூத்தைத் தடுக்கப் போகிறாயோ?”

“தடுக்கவில்லை, அமைச்சர் பெருமானே. பெரியவர்கள் பார்க்கட்டும், கைதட்டட்டும், இல்லை காறி உமிழட்டும். அது அவர்கள் பாடு. பொய் இன்னதென்று பிரித்தறியாத வயதில் இருப்பவர்களை வெளியே அனுப்புகிறேன்.”

“நீயா அனுப்புவாய்? உயர்த்திய கையை மீட்டவன் பதவி இழப்பான். விதி நினைவிருக்கிறதல்லவா?”

“இருக்கிறது. மறுஆய்வு முடிந்ததும் பதவி போகும். அதுவரை அவன்மேல் ஒருவரும் கைவைக்கலாகாது என்பதும் அதே விதியில் இருக்கிறது.”

தான் நினைவுகொண்டது சரியான விதிதானா என்று அவன் ஒரு கணம் ஐயுற்றான். கால்கள் மட்டும் நிற்கவில்லை. கம்பத்தை அடைந்து, கயிற்றை அவிழ்த்து, “என் கையை மீட்டுக்கொள்கிறேன்!” என்று கூவியபடி வெள்ளைக் கொடியை இறக்கினான். நிலவொளியில் சிவப்புக் கொடி ஏறியது.

கூட்டம் ஆரவாரித்தது, சிலர் ஏசினர். காவலர் குறுக்குக் கம்பைக் கொண்டுவந்து வாயிலில் வைத்தனர். தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியேறத் தொடங்கினர். அப்போது விழுப்பரையர் நிதானமாக ஒரு காரியம் செய்தார். பட்டுத் தலையணையில் வைத்திருந்த மணிமுடியை எடுத்து அரசியின் தலையில் சூட்டினார்.

“அரசியை அளந்து பாருங்கள்! முடியோடு அளப்பதே முறை. குனியாமல் நுழைய முடியாது. ஆகவே அவர் இருந்து மீதியைப் பார்ப்பார்.”

காவலர் தலைவன் கம்பையும் முடியையும் மாறிமாறிப் பார்த்தான். முடியின் நுனி கம்புக்கு இரண்டு விரற்கடை மேலே இருந்தது. கனம் தாங்காமல் குழந்தையின் கழுத்து சாய்ந்தது.

“பயப்படுறது முடியா, தலையா?”

கேட்டவள் கொற்றி. கையில் பந்தத்தோடு அரங்கிலிருந்து குதித்து இறங்கியிருந்தாள். மறு கையால் பிள்ளைவிழுங்கியை இழுத்துக்கொண்டு வந்து அரசியின் முன் நிறுத்தி, அவன் முகமூடியைக் கழற்றினாள். உள்ளே வெற்றிலைக் காவி படிந்த பற்களோடு சாத்தப்பன் என்ற கூத்தாடி திருதிருவென விழித்தான். பந்தத்தை அவன் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள்.

“பாருங்க தாயி. கீழ பிடிச்சா பேய். மேல பிடிச்சா சாத்தப்பன்.”

“கும்பிடறேன் தாயி,” என்றான் சாத்தப்பன் அசட்டுத்தனமாக.

“ஆனா தென்கரையான்…” அரசியின் உதடு துடித்தது.

கொற்றி அவன் தலையிலிருந்த நீலத் தலைப்பாகையை உருவித் தன் தலையில் கட்டினாள். கட்டிய வேகமும் முடிச்சும் பிறந்ததிலிருந்து பழகியவர்களுக்கே வருவன. “இது எங்க அப்பா கட்டுறது. தென்கரைத் தலைவர் பூதனாரோட ஒரே மக நான். எங்களைப் பத்தி என்ன கதை கட்டுறாங்கன்னு பாக்கத்தான் ஒரு மாசமா இங்க பந்தம் பிடிச்சேன். இன்னிக்கு யாரு கட்டுனதுன்னும் தெரிஞ்சுபோச்சு.”

வெண்காடன் கயிற்றைப் பிடித்தபடியே சிலையாக நின்றான்.

“நீங்க… பிள்ளைங்களத் தின்பீங்களா?”

“மீனு தின்போம் தாயி. அதுலயும் முள்ளு எடுத்துட்டுத்தான்.”

அரசி சிரிக்கவில்லை. கொற்றியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு இரு கைகளாலும் முடியைக் கழற்றி அமைச்சரிடம் நீட்டினாள். “எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு. ஆனா இவங்களக் கொல்ல வேணாம். நாளைக்கு முத்திரை வைக்க மாட்டேன். எனக்குத் தூக்கம் வருது.” மோதிரக் கையை இறுக மூடிக்கொண்டு, குனியாமலே அந்தக் கம்பின் கீழே நடந்து வெளியே போனாள்.

“உளவுக்காரி! பிடியுங்கள் அவளை!” என்று விழுப்பரையர் கர்ஜித்தார்.

கொற்றி மீதமிருந்த குங்கிலியப் பை முழுவதையும் பந்தத்தில் கவிழ்த்தாள். கண்ணைப் பறிக்கும் ஒளி எழுந்து அணைந்தபோது காவலர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் படித்துறையில் பாய்ந்து ஓடத்தை அவிழ்த்து ஏறிக்கொண்டாள். பின்னாலேயே ஓடிவந்தான் வெண்காடன்.

“ஏறுங்க ஐயா! நாளைக்கு உங்க பதவி போயிடும். அப்புறம் தலையும் போயிடும்!”

“நாளை வரை பதவி இருக்கிறதே, கொற்றி. நான் வந்துவிட்டால் மறுஆய்வில் மற்ற நால்வரும் பகலில் உட்கார்ந்து மறுபடியும் சிரிப்பார்கள்.” சொல்ல எண்ணிய நான்கு சொற்களும் அன்றுதான் அவனுக்கு நினைவிலிருந்தன, சொல்ல நேரமில்லை. ஆற்றுநீரை அள்ளி வலக்கையில் ஏந்தினான். “இந்த நீர்மேல் ஆணை. இனி எந்தக் கூத்தையும் அது ஆடப்படும் ஒளியில் காணாமல் என் கை உயராது. பதவி இருந்தாலும் சரி, போனாலும் சரி.”

“போனா எங்க கரைக்கு வாங்க. எங்க ஊர்லயும் கூத்து நடக்கும். கொடி கட்டத்தான் ஆளில்ல.” துடுப்பு நீரைக் கிழித்தது. நிலவு பரவிய ஆற்றின் நடுவே நீலத் தலைப்பாகை சிறு புள்ளியாகி, எதிர்க்கரை நாணலுக்குள் மறைந்தது.

பந்தங்கள் நெருங்கின. ஒரு காவலனின் கையைப் பிடித்தபடி மூச்சிரைக்க முதலில் வந்தவர் உடையபிள்ளை. அவர் முகத்தைப் பார்க்காமலே வெண்காடன் சொன்னான்: “நாளை பொழுது சாய்ந்ததும் மறுஆய்வு. மத்தளமும் வேசத்துணியும் குங்கிலியமும் இருக்க வேண்டும். தங்களுக்கு மாலைக்கண் என்பதால், தங்கள் இருக்கையை அரங்கின் விளிம்பை ஒட்டி நானே கொண்டுவந்து போடுகிறேன்.”