வெளிப்பக்கம் திறக்கும் கதவு

அன்று காலை அருமைநாயகம் ஐஸ் வாடிக் கதவின் பிணைச்சல்களுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டான். கோழி இறகொன்றை எண்ணெயில் தோய்த்து, மேல் பிணைச்சலுக்கு முதலில், பிறகு கீழ்ப் பிணைச்சலுக்கு. கதவைத் திறந்து மூடிப் பார்த்தான். சத்தமில்லை.

"இனி மாரி முடியுமட்டும் கத்தாது" என்றான்.

கையில் மிஞ்சிய எண்ணெயைத் தலையில் தடவிக்கொண்டான். கந்தோருக்கு வேலைக்குப் போகிற மனிதன் பிணைச்சல் எண்ணெயைத் தலையில் பூசுவதா என்று மனைவி அன்னப்பூரணி கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே பட்டணத்து பஸ்ஸில் ஏறினான். யுத்த காலம், தொண்ணூறாம் ஆண்டு அது. வழியில் பஸ்ஸை மறித்து ஆண்களை இறக்கினார்கள், அவனையும் இறக்கினார்கள் என்று அதே பஸ்ஸில் போன மீன்காரப் பெண்ணொருத்தி வந்து சொன்னாள். அதற்குமேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

இப்படியொரு முடிவு இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. அன்னப்பூரணியின் கதையின் தொடக்கம் தெரிந்தவர்கள்தான் குறைவு. அது ஒரு மழையிலும் ஒரு மூக்கிலும் தொடங்கியது.

அதற்கு ஐந்தாறு வருடங்களுக்கு முந்திய கார்த்திகை. கல்முனை வீதியிலிருந்து வாவிப் பக்கம் இறங்கும் மணல் ஒழுங்கையின் தலைப்பில் கனகசிங்கத்தின் ஐஸ் வாடி இருந்தது. பட்டணத்துத் தொழிற்சாலையிலிருந்து ஐஸ் கட்டிகளை லொறியில் ஏற்றி வந்து, உமிக்குள் புதைத்து வைத்து, மீன்காரருக்கும் இறால் வாங்குகிறவர்களுக்கும் உடைத்து விற்பார்கள். கிடுகுக் கூரை, பலகைச் சுவர். குளிர் வெளியே போய்விடக்கூடாது என்று கனகசிங்கம் தடித்த பலகையில் செய்து போட்ட, உட்பக்கமாகத் திறக்கும் கதவு. தாயில்லாத ஒரே மகள் அன்னப்பூரணி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வந்து வியாபாரத்தைப் பார்த்தாள். தகப்பன் லொறியைப் பார்த்தார்.

அன்று மழை வானத்தைக் கிழித்துக்கொண்டு கொட்டியது. வாவி எது, வீதி எது என்று தெரியவில்லை. பாதிக் கட்டி ஐஸைச் சாக்கில் சுற்றி இழுத்து வந்த அன்னப்பூரணி, ஈரத்தில் ஊதிப்போயிருந்த கதவை முதுகைக் கொடுத்து ஒரே தள்ளாகத் தள்ளினாள். கதவு திறந்தது. திறந்த வேகத்தில் எதிலோ மோதி நின்றது.

"அம்மா..." என்று கதவுக்குப் பின்னால் ஒரு குரல்.

எட்டிப் பார்த்தாள். நனைந்த வெள்ளைச் சட்டை. நெஞ்சோடு அணைத்துப் பிடித்த ஒரு தோல்பை. மூக்கைப் பொத்திய கை, அதற்கு மேலே இரண்டு கண்கள்... கோபப்பட வந்து, வந்த காரியத்தை மறந்துபோன கண்கள்.

"யார் நீங்க? கள்ளனெண்டா சரியான இடத்திலதான் நிக்கிறீங்க."

கூரை ஒழுகாத இடம் அது ஒன்றுதான் என்றும், மழைக்கு ஒதுங்கக் கேட்க அங்கே ஆளில்லை என்றும் அவன் மூக்கால் சொன்னான். விரலிடுக்கில் இரத்தம் வந்தது. அவளுக்குப் பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. சுத்தியலால் ஒரு துண்டு ஐஸை உடைத்துத் துவாயில் முடிந்து கொடுத்தாள். உமிச் சாக்கின்மேல் உட்கார்ந்து, ஐஸை மூக்கில் அழுத்திக்கொண்டு, அவன் வாடியைச் சுற்றிப் பார்த்தான். கூரையை, சுவரை, மூலையில் தொங்கிய மண்ணெண்ணெய் விளக்கை... கடைசியில் அவளை. அவளைப் பார்த்தபோது மட்டும் அவசரமாகப் பார்வையைத் திருப்பினான்.

"இதுக்கு இன்சூரன்ஸ் இருக்கா?"

"எதுக்கு?"

"வாடிக்கு. தீக் காப்புறுதி."

அன்னப்பூரணி ஐஸைப் பார்த்தாள். வெளியே மழையைப் பார்த்தாள். பிறகு சாக்கைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஐஸுக்கு நெருப்பு இன்சூரன்ஸா? மீனுக்குக் குடை விக்கிற ஆளா நீங்க?"

"ஐஸ் எரியாது. ஐஸ மூடிக் கிடக்கிறது எரியும்" என்றான் அவன். "உமி பத்தினா வெளியால தெரியாது. உள்ளுக்கயே கனலும்... தெரியிற நேரம் எல்லாம் முடிஞ்சிரும்."

அவன் கோபிக்காமல் சொன்னது அவளுக்கு ஒருமாதிரி இருந்தது. மழை விட்டதும் எழுந்தான். பெயர் அருமைநாயகம் என்றான். வந்தாறுமூலை ஊர்க்காரன், பட்டணத்தில் காப்புறுதிக் கம்பனியொன்றின் முகவர். வாசலில் நின்று திரும்பினான்.

"இன்னொண்டு. இந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேணும்."

"அது உங்கட மூக்குச் சொல்ற கதை."

"மூக்கு உடையாட்டியும் சொல்லியிருப்பன். நெருப்பெண்டா ஆக்கள் கதவைத் தள்ளுவாங்க. நிண்டு இழுக்கமாட்டாங்க."

சைக்கிளில் ஏறிப் போனான். அவளுடைய துவாயும் அவனோடு போய்விட்டது. அதைத் திருப்பிக் கொடுக்க வருவான் என்று அவள் நினைக்கவில்லை... நினைக்கவில்லை என்றுதான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

வந்தான். துவாய் வெளுத்து மடித்திருந்தது. கூடவே கடதாசிகளும் கொண்டுவந்திருந்தான். கனகசிங்கமும் இருந்தார். அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். வெறும் தீப் பொலிசி என்றால் விளக்குத் தட்டுப்பட்டு எரிந்தால், மின்னல் விழுந்தால் பணம் வரும். வாவி ஏறி வெள்ளம் புகுந்தால் வராது. அதற்குத் தனியாகச் சேர்க்கவேண்டும். சனம் கூடிக் கொளுத்தினால் அதுவும் வராது. கலகத்துக்கென்று தனியாகக் கட்டவேண்டும். லொறிக்குச் சட்டப்படி மற்றவர்களுக்கு வரும் சேதத்துக்கு மட்டும் எடுத்தால் போதும். லொறிக்கே சேதம் என்றால் முழுக் காப்புறுதி வேண்டும், அது விலை கூட.

எல்லாவற்றுக்கும் கட்ட அவர்களிடம் வசதியில்லை. லொறிக்கு முழுதாக எடுத்தால் வாடிக்கு வெறும் தீ மட்டும். வாடிக்குக் கலகமும் சேர்த்தால் லொறிக்குச் சட்டப்படியானது மட்டும். கனகசிங்கத்துக்கு யோசிக்க ஒன்றுமில்லை. லொறிக்கு அப்போதுதான் நீலப் பெயின்ட் அடித்திருந்தார்.

"ஷெல் விழுந்தா என்ன தருவீங்க தம்பி?" என்று கேட்டார்.

"ஒண்டும் தரமாட்டாங்க ஐயா. யுத்தத்துக்கு ஒரு கம்பனியும் எழுதாது. பொய் சொல்லி விக்க எனக்கு ஏலா."

அன்னப்பூரணி உமியைக் கிளறிக்கொண்டே இதைக் கேட்டாள். விற்க வந்தவன் ஏலாது என்று சொல்வதை அவள் அதற்குமுன் கேட்டதில்லை.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் வந்தது. பொலிசியை யார் பேரில் எழுதுவது என்று அவன் கேட்டான். தன் பேரில்தான், வேறு யார் பேரில் என்றார் கனகசிங்கம். வாடி நிற்கிற வளவு யாருடையது என்று அவன் கேட்டான். இந்தப் பக்கத்தில் வளவு தாயிடமிருந்து மகளுக்குப் போவதுதான் வழக்கம். பூரணியின் தாய் கண்மூடும் முன்னரே வளவையும் அதில் நின்ற வாடியையும் மகளுக்கு எழுதிக் கொடுத்திருந்தாள்.

"அப்ப மகள்ட பேரிலதான் எழுதலாம் ஐயா. ஒரு பொருள் அழிஞ்சா யாருக்கு நட்டமோ, அவங்கட பேரிலதான் காப்புறுதி. மற்றவங்கட பேரில எழுதினா அது செல்லாது."

கனகசிங்கத்தின் முகம் மாறியது. கதவையும் கூரையையும் தன் கையால் போட்ட மனிதர்.

"என்ட வாடி எரிஞ்சா எனக்கு நட்டமில்லையா? பொம்பிளப் புள்ளட பேரில எழுது எழுது எண்டு நீ நிக்கிறது எதுக்கெண்டு எனக்கு விளங்காதா தம்பி? வளவுள்ள புள்ளயத் தேடித்தான் மழைக்கு ஒதுங்கினியா?"

அருமைநாயகம் அன்னப்பூரணியைப் பார்த்தான். ஒரு சொல்லை எதிர்பார்த்த பார்வை அது. அவள் தலையைக் குனிந்து உமியைப் பார்த்தாள். அவன் கடதாசிகளை அடுக்கித் தோல்பையில் வைத்தான். வாறன் ஐயா என்றான். பிறகு வரவில்லை.

மாரி ஓய்ந்தது. ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் அவள் கை நின்றது. பாண்காரனாக இருக்கும், தபால்காரராக இருக்கும்... தை மாதம் ஒருநாள் சேலையை உடுத்திக்கொண்டு பட்டணத்துக்கு பஸ் ஏறினாள். தகப்பனிடம் மறைக்கவில்லை. இன்சூரன்ஸ் எழுதப் போகிறேன் என்றாள். அவர் லொறியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கந்தோரில் அவளைக் கண்டதும் அருமைநாயகம் எழுந்து நின்றான். உட்காரச் சொல்ல மறந்துபோனான். அவளே உட்கார்ந்தாள்.

"தீயும் கலகமும். லொறிக்குச் சட்டத்துக்கு உள்ளது மட்டும்."

"அப்பா லொறிக்கு முழுசா எண்டல்லோ சொன்னவர்?"

"லொறி ஓடித் தப்பும். வாடி ஓடாது. என்ட பேரில எழுதுங்க."

அவன் எழுதினான். அவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது மூக்கு எப்படி என்று கேட்டாள். கொஞ்சம் கோணல் என்றான். அது முதலே அப்படித்தான் இருந்தது என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டான்.

"வாடியப் பாக்க வேற ஆள அனுப்புறன். நான் வரமாட்டன். உங்கட அப்பா சொன்னது எனக்கு மறக்க ஏலாம இருக்கு. நீங்க சொல்லாம விட்டதும்."

அந்தக் கடைசிச் சொல் அவளுக்குச் சுட்டது. நியாயமான சூடு.

"அனுப்புங்க" என்று எழுந்தாள். "ஓடாவிய வரச்சொல்லியிருக்கன். கதவை மாத்திப் போடப் போறன். வாற ஆளுக்கு மூக்காவது மிஞ்சட்டும்."

தச்சுவேலை செய்யும் ஓடாவி வந்து கதவைக் கழற்றி, பிணைச்சலை மாற்றி, வெளிப்பக்கம் திறக்கப் பண்ணினார். குளிரெல்லாம் வாவிக்குத்தான் போகப்போகிறது என்று கனகசிங்கம் முணுமுணுத்தார். மகள் காதில் வாங்கவில்லை.

அந்தச் சித்திரையில் கலகம் வந்து வீதியோரத்துக் கடைகள் எரிந்தன. யார் தொடங்கினார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை இருந்தது. பூரணி அயல் சனங்களோடு வாவிக் கரைக்கு ஓடினாள். தகப்பன் லொறியைக் கொண்டு போயிருப்பார் என்று நினைத்தாள். அவரோ மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வாடிக்குள் குளிருக்குச் சாக்கை விரித்துப் படுத்து நித்திரையாகிவிட்டிருந்தார். கிடுகில் விழுந்த நெருப்பு உமியில் இறங்கி, புகை மூக்கில் ஏறிய பிறகுதான் விழித்தார். கண் தெரியவில்லை. கதவென்று நினைத்த பக்கம் பாய்ந்து தோளால் இடித்தார். மணலில் போய் விழுந்தார்.

புருவம் இரண்டும் கருகியிருந்தன. வேறு காயமில்லை. லொறியை யாரோ வாவிக்குள் தள்ளிவிட்டிருந்தார்கள்.

எரிந்ததைப் பார்க்க வேறு ஆள் வரவில்லை. அருமைநாயகம்தான் வந்தான், செய்தி கேட்ட மறுநாளே, வீதி சரியாகத் திறக்குமுன். கனகசிங்கம் கருகிய புருவத்தோடு ஒரு தென்னங்குற்றியில் உட்கார்ந்திருந்தார். அவனைக் கண்டு எழும்பினார்.

"தம்பி" என்றார். "தள்ளினன். திறந்திச்சு."

அவ்வளவுதான் சொன்னார். தானே மரத்தடிக்குப் போய் இளநீர் ஒன்று வெட்டிக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்தார். அவன் நின்றபடியே குடித்து முடித்தான்.

கொழும்பிலிருந்து மதிப்பீட்டாளர் வந்தார். கம்பனி பல கேள்வி கேட்டது, பல மாதம் எடுத்தது. வாடிக்கும் உள்ளே இருந்த சாமான்களுக்கும் தந்தது. லொறிக்குத் தரவில்லை. உருகிய ஐஸ் உருகினதுதான். அந்த மாதங்களிலெல்லாம் ஏதாவது ஒரு கடதாசியைச் சாட்டி அருமைநாயகம் வந்துகொண்டே இருந்தான். சிலநாள் கடதாசியை மறந்துவிட்டும் வந்தான்.

புதுக் கூரைக்குத் தகரம் போட்ட அன்று சிறு தூறல். ஓரம் கருகிப்போயிருந்தாலும் பழைய கதவு உறுதியாக இருந்தது. அதையே மறுபடி மாட்டினார்கள். ஓடாவி போன பிறகு இருவரும் கதவின் இரண்டு பக்கத்திலும் நின்றார்கள். தகரத்தில் மழை மெல்லப் பேசியது... அவள் கண்ணிமையில் ஒரு துளி நின்றது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்டு கேக்கட்டா?" என்றாள் அவள். "ஆக்கள்ட உயிருக்கும் இன்சூரன்ஸ் எழுதுறீங்கதானே. நான் உங்கட பேரில ஒண்டு எழுத ஏலுமா?"

"ஏலா."

"ஏன்?"

"சட்டம்." அவன் பிணைச்சலைப் பார்த்துச் சொன்னான். "எனக்கு ஒண்டு நடந்தா உங்களுக்கு நட்டமெண்டு காட்ட வேணும். பிறத்தி ஆளுக்கு எழுத ஏலா."

அவள் கருகிய ஓரத்தை விரலால் தடவினாள். அன்று உமியைப் பார்த்துச் சொல்லாமல் விட்டதை இன்று அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நட்டம்தான்."

அவனுடைய கோணல் மூக்கு சிவந்துபோயிற்று. "அப்ப என்ட பக்கமும் அதே கணக்குத்தான் பூரணி..." என்றான். முதல்தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான்.

அடுத்த வருடம் ஆவணியில் கல்யாணம் நடந்தது. வழக்கப்படி அவன் அவளுடைய வளவுக்குக் குடிவந்தான். வந்தவுடன் அவன் பேரில் அவள் பொலிசி எழுதினாள். ஆசைக்கு எழுதியது, இருவரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

தொண்ணூறுக்குப் பிறகு கந்தோரிலிருந்து ஒருவர் வந்து, மரணச் சான்றிதழ் எடுத்துத் தந்தால் அந்தப் பணத்துக்கு முயன்று பார்க்கலாம் என்று மரியாதையாகச் சொன்னார். அதற்கு அவன் இறந்துவிட்டான் என்று அவள் கையெழுத்து வைக்கவேண்டும். அவள் அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தாள். கையெழுத்து வைக்கவில்லை.

மாரிக்கு முன் பிணைச்சலுக்கு எண்ணெய் விடுவது இப்போது அவள்தான். கோழி இறகால், மேலே முதலில், பிறகு கீழே. கதவு இன்றைக்கும் வெளிப்பக்கமாகத்தான் திறக்கிறது.