சாவி தர மாட்டேன்

"சாவியைக் குடுத்துட்டா என் கதை முடிஞ்சதுங்க. என்ன ஆனாலும் தர மாட்டேன்!" என்றபடியே வந்தாள் வேலாமணி. தேவாலா பக்கத்து எஸ்டேட்டில் பிக்கப் வண்டி ஓட்டுபவள்.

கூடலூரில் ஓய்வு பெற்று வாழ்ந்த மோட்டார் வாகன ஆய்வாளர் தனசிங் நிதானமாக நாற்காலியைக் காட்டினார்.

ஞாயிறன்று ஃபேக்டரியில் தேயிலைத்தூள் மூட்டைகள் களவு போயிருந்தன. அன்று பகலில் அவள் வண்டி அடிவாரத்து டோல்கேட்டைத் தாண்டியதாக ஆபீஸ் போனுக்கு ஃபாஸ்டேக் மெசேஜ் வந்தது. அவ்வளவுதான், மேனேஜர் பாலன் தீர்ப்பே சொல்லிவிட்டார். திருடியதாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வேலையையும், எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டையும் விட்டுப் போக வேண்டும். மெஷின் பொய் சொல்லாதாம். மனுஷி சொல்வதுதான் பொய்!

"வண்டி ஷெட்டுலதான் நின்னுச்சுங்க. சாவி ஆபீஸ்ல தொங்குச்சு. பழி விழுந்ததும் எடுத்து இடுப்புல சொருகிட்டேன். வண்டியும் இப்ப என் ஊட்டு முன்னாலதான் நிக்குது."

"சாவியை யாராவது கேட்டார்களா?"

"ஸ்டோர்கீப்பர் சுரேந்திரன் விடாம கேக்குறாருங்க, வண்டியைக் கழுவணுமாம். அவரு சொந்தப் பிக்கப்பும் அதே ஷெட்டுலதான் நிக்கும். என்னிக்கும் இல்லாத அக்கறை!"

"பெரியப்பா, டோல் மெஷினை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க!" என்று துள்ளினாள் கெஸியா. தனசிங்கின் தம்பி மகள், எதிலும் அவசரம்தான்.

"முதலில் வண்டிக் கண்ணாடியைப் பார்ப்போம்," என்றார் தனசிங்.

வேலாமணி வீட்டு முன்னால் நின்ற பிக்கப்பின் முன்கண்ணாடியில் முருகன் படம் வெயிலில் வெளுத்து, கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. பக்கத்தில் ஃபாஸ்டேக். அதன் ஓரங்கள் சுருண்டு, சுற்றிலும் செலோடேப்.

"டேப் நீங்கள் ஒட்டியதா?"

"இல்லைங்களே. அது பசையிலயே கெட்டியாத்தான் நின்னுச்சு."

மறுநாள் காலை கெஸியாவோடு போய், பாலனையும் சுரேந்திரனையும் டோல்கேட்டுக்கே வரவழைத்தார் தனசிங். "வேலாமணி, வண்டியை உள்ளே விடுங்கள்."

தடுப்புக்கட்டை எழும்பியது. பாலன் கையிலிருந்த ஆபீஸ் போன் சத்தமே காட்டவில்லை. சுரேந்திரனின் சட்டைப் பைதான் 'டிங்' என்றது!

"எடுத்துப் படியுங்கள்," என்றார் தனசிங். சுரேந்திரன் பையைப் பொத்திக்கொண்டான்.

"இவள் வண்டியில் இருப்பது இவனுடைய டேக். ஞாயிறன்று இரண்டையும் உரித்து மாற்றி ஒட்டி, இவள் டேக்கோடு தன் வண்டியில் மூட்டைகளை மலையிலிருந்து கீழே கடத்தியிருக்கிறான். உரித்தது மறுபடி ஒட்டாது, அதனால்தான் செலோடேப். திரும்ப மாற்றுவதற்குள் பழி விழுந்து, சாவி கைமாறிவிட்டது. எவ்வளவு கேட்டும் இந்தம்மா தரவில்லை. பாலன், மெஷின் டேக்கைத்தான் பார்த்தது, வண்டியை அல்ல."

சுரேந்திரன் தலை தொங்கிவிட்டது. பாலன் அசடு வழிந்தார். "சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு. சாவியைக் குடு, நாளைக்கு வேலைக்கு வா."

"டிரைவர் நானுங்க. சாவி என்கிட்டயே இருக்கட்டும். என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னீங்கல்ல? இப்ப நீங்க போடுங்க. தப்பு உங்க பேர்லதான்னு எழுதி, லயத்துல எல்லாரும் பாக்கற எடத்துல ஒட்டோணும். அதுவரைக்கும் வண்டி இங்கிருந்து நகராது!"

இன்ஜினை அணைத்தாள். பின்னால் நின்ற லாரிகள் விடாமல் ஹாரன் அடித்தன. பாலன் அந்த வரிசையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கெஸியாவிடம் பேனா கேட்டார்.