ஜிப்சியின் இடது கதவு

"கார்ப் பந்தயத்துல குறுக்குவழியில பூந்து வந்து ஜெயிச்சிட்டேன்னு சொல்றாங்க அக்கா. சாயங்காலத்துக்குள்ள பொய்யின்னு காட்டலன்னா என் பேர எடுத்துடுவாங்களாம்" என்றாள் ஜெனிபர். அவள் உடையில் மழை ஈரம் இன்னும் காயவில்லை.

அம்சவல்லி விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை தரும் சர்வேயர். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் அவளுடைய அலுவலகம். வண்டி பொய் சொல்லாது, வண்டிக்காரன்தான் சொல்வான் என்பது பல வருடத் தொழிலில் அவள் கண்டது. ஆகவே வண்டிக்காரர்கள்மீது அவளுக்குப் பெரிய மரியாதை இல்லை.

"யாரு சொன்னது?"

"மெட்ராஸ்லேருந்து வந்த வளவன். தேசிய ரேலியில ஓட்டுறவரு. மொத ரெண்டு சுத்துல அவரு லான்சர் கார்தான் முன்னாடி. மூணாவது சுத்துல நல்ல மழை. நான் முன்னாடி கெளம்பினேன், அவரு பின்னாடி. மொத்த நேரக் கணக்குல என் ஜிப்சி ஜீப்பு ஜெயிச்சிடுச்சி. பழைய பீங்கான் ஆலையோட களிமண் கெடங்கு வழியா குறுக்கால வந்திருக்கேன், இடது கதவு பூரா வெள்ளைக் களிமண்ணுன்னு புகார் குடுத்துட்டாரு. அவரு சொல்லித்தான் எனக்கே தெரியும். அவரு வந்து சேர்றதுக்குள்ள நான் ஷெட்டுல சுவர ஒட்டி நிறுத்திட்டு, வலது பக்கமா எறங்கிட்டேன்."

"ஜெயிச்சா என்ன கெடைக்கும்?"

"கோயம்புத்தூர் தேசிய ரேலியில ஓட்டலாம். ஆனா இப்ப அதுகூட வேணாங்க. தெனம் திட்டக்குடி வரைக்கும் பீங்கான் ஜாடி ஏத்திக்கிட்டுப் போறவ நான். ஏமாத்துக்காரின்னு பேரு வந்தா யாரு சரக்கு குடுப்பாங்க?"

அம்சவல்லியின் உதவியாளன் ஆல்பர்ட் கேமராவோடு எழுந்துவிட்டான். ஆனால் அவன் முகத்தில் சந்தேகம். கார்ப் பத்திரிகை ஒன்றுவிடாமல் படிப்பவன். "மேடம், உலக ரேலி வண்டி ஒசத்தி. அடுத்தது தேசியம். மாவட்டம் கடைசி. ஏணிப்படி மாதிரி. அந்த லான்சர ஜிப்சி எப்படி மேடம் ஜெயிக்கும்?"

"ஏணி தரையில நிக்குதா சேத்துல நிக்குதான்னு உன் பத்திரிகையில போட்டிருக்கா?"

போட்டியை நடத்திய பாலகிருஷ்ணன் பீங்கான் சூளை முதலாளி. பந்தய வண்டிகள் அவருடைய ஷெட்டில்தான் நின்றன. மூவரும் அங்கே போனபோது வளவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எல்லார் காலிலும் செம்மண் சேறு அப்பியிருக்க, அவன் பந்தய ஷூ மட்டும் அப்போதுதான் கழுவியதுபோல் பளபளத்து நீர் சொட்டியது. அவனுடைய மெக்கானிக் தர்மராஜ், முழங்கால்வரை சேறு காய்ந்துபோய், லான்சருக்கு அடியில் படுத்திருந்தான். வந்ததிலிருந்து அங்கேதான் கிடக்கிறான் என்றார்கள்.

"இன்சூரன்ஸ் அம்மாவா? பஞ்சாயத்துக்கு நல்ல ஆளுதான். இது ரேலியே இல்லைங்க. மாட்டுவண்டிப் பந்தயம். எங்க லெவல்ல இந்த ஜிப்சிய சாமான் தூக்கக்கூட விட மாட்டோம்" என்றான் வளவன்.

அம்சவல்லி பையிலிருந்து டார்ச்சை எடுத்தாள். சுவருக்கும் ஜிப்சிக்கும் இடையே இருந்த சந்தில் உடம்பை ஒடுக்கி நுழைந்தாள். இடது கதவில் வெள்ளைக் களிமண் அப்பியிருந்தது. விரலால் தொட்டுத் தேய்த்தாள். பிறகு குனிந்து, சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பார்த்தாள். ஆல்பர்ட் படம் எடுத்தான். வெளியே வந்து எல்லாரையும் கூப்பிட்டாள்.

"பாலகிருஷ்ணன் சார், இந்தக் களிமண்ணத் தொட்டுப் பாத்தீங்களா?"

"இல்லம்மா. சார் சொன்னாரு…"

"லான்சர்ல வந்தவரு சொன்னா வேதவாக்கு! இப்ப தொடுங்க."

அவர் விரல்களுக்கு நடுவே தேய்த்தார். முகம் மாறியது. "மாவு மாதிரி இருக்குது. மணலே இல்ல. அச்சுல ஊத்தறதுக்காக வடிகட்டி வெச்ச கரைசல் இது. என் ஷெட்டு வாளியில இருக்கறது!"

"பழைய கெடங்குல கெடக்கறது மணலும் கல்லும் கலந்த, சலிக்காத பச்சை மண்ணு. இந்த ஊர்க்காரன் எவனும் ரெண்டையும் மாத்திப் பூச மாட்டான். அப்புறம், களிமண்ணுல ஓடின வண்டின்னா சக்கரம் சேத்த உள்ளாற வாரி அடிச்சிருக்கும். மட்கார்டு உள்ள பூரா செம்மண்ணு. வெள்ளை ஒரு பொட்டு கெடையாது. வெளியே கதவுல மட்டும் வெள்ளை. ஓடி ஒட்டினது இல்ல, கையால பூசினது."

"வேற யாராவது பூசியிருப்பான்" என்றான் வளவன்.

"நீங்க வரும்போது இந்த வண்டி சுவர ஒட்டி நிக்குது. இடது கதவு சந்துக்குள்ள போனாத்தான் தெரியும். அந்தப் பக்கம் போனீங்களா?"

"நான் ஏன் போறேன்? அந்த டப்பாகிட்டயா?"

"போகலன்னா கதவு பூரா களிமண்ணுன்னு எப்படி எழுதிக் குடுத்தீங்க? ஊரே சேத்துக் காலோட நிக்குது. உங்களுக்கு மட்டும் ஷூவக் கழுவணும்னு ஏன் தோணிச்சி? வெள்ளை சிந்தியிருந்தது, அதான்."

லான்சருக்கு அடியிலிருந்து தர்மராஜ் தலையை நீட்டினான். "எங்கிட்ட இருந்த தண்ணிக் கேன கேட்டு வாங்கினாரு. எதுக்குன்னு எனக்குத் தெரியாதுங்க" என்று முந்திக்கொண்டான்.

வளவன் எழுந்தான். "இந்த மூணாந்தரப் போட்டிய யாரு கேக்கப் போறாங்க?"

"தரம் மூணுதான். அதுலயும் திருடித்தான் ஜெயிக்கணும்னு உங்களுக்குத் தோணிச்சே, அதுக்கு என்ன தரம் குடுக்கறது?"

அவன் சாவியைப் பொறுக்கிக்கொண்டு போனான். பாலகிருஷ்ணன் ஜெனிபரிடம் மன்னிப்புக் கேட்கத் தடுமாறினார். அம்சவல்லி அதைக் கேட்க நிற்கவில்லை.

ஆல்பர்ட்டுக்கு இன்னும் ஆறவில்லை. "ஆனா எப்படி மேடம் ஜெயிச்சாங்க?"

"மொத ரெண்டு சுத்து அகலமான பாதை, காஞ்ச மண்ணு. லான்சர் பறந்துச்சி. மூணாவது கம்மாபுரம் பக்கத்து வண்டிப்பாதை, மழை வேற. அங்க பெரிய எஞ்சினோட வேகம் வழுக்கறதுக்குத்தான் ஒதவும். எடை கொறைஞ்ச ஜிப்சி நாலு சக்கரத்தாலயும் புடிச்சிக்கிட்டு வந்துடுச்சி. இவ தெனம் ஜாடி ஒடையாம ஓட்டுற பாதை. நீ வண்டியப் பத்திரிகையில ஒப்பிடுற, அது மண்ணுல ஓடுது."

"அப்ப வளவன் சுமார் டிரைவர்தானா?"

"இல்லடா, நெசமாவே நல்லா ஓட்டுறவன். மொத ரெண்டு சுத்துல அவன் ஓட்டின மாதிரி இந்த ஜில்லாவுல எவனும் ஓட்ட முடியாது. அவ்வளவு தெரிஞ்சும் வாளியத் தூக்கினான் பாரு, அதுதான் எனக்குக் குமட்டுது."

ஜெனிபர் துணியால் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "அக்கா, கோயம்புத்தூர்ல எல்லாரும் அவரு மாதிரி வண்டிதான் வெச்சிருப்பாங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா. மழை பெய்யலன்னா நீ கடைசியாத்தான் வருவ."

ஜெனிபர் துணியை உதறினாள். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். "வெயிலாத்தான் இருக்கட்டுமே. அந்த லான்சர் ரெண்டு சுத்துல எப்படித் திரும்பிச்சின்னு பாத்தேங்க. அத நான் கத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு, வலது பக்கம் ஏறி வண்டியைக் கிளப்பினாள்.