தொப்பையார் இன்று மூச்சு விடவில்லை

தொப்பையார் இன்று மூச்சு விடவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் சோபாவின் விளிம்புக்கு நகர்ந்து, மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, காட்சியைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி பார்த்தார். பழைய சரித்திரப் போர்ப்படம், கறுப்பு வெள்ளை, கம்ப்யூட்டரில் சேனையைப் பெருக்கத் தெரியாத காலத்தில் எடுத்தது. நிஜமாகவே ஆயிரம் பேருக்குக் கவசம் மாட்டிப் பொட்டலில் கிடத்தி, புகைக்கு நடுவே கேமராவை அவ்வளவு பொறுமையாக நகர்த்தியிருந்தார்கள்; பார்க்கிறவருக்கே சொந்தச் சேனையைப் பறிகொடுத்த மாதிரி இருக்கும். முன்வரிசையில், உடைந்த தேர்ச்சக்கரத்துக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடக்கும் ஒரு பருத்த வீரர் மட்டும் செத்த பிறகும் சுகமாக மூச்சு வாங்குவார். வயிறு ஏறும், இறங்கும். அவருக்குத் தொப்பையார் என்று பெயர் வைத்தவள் மனைவி.

விளையாட்டும் அவளுடையதுதான். போர் ஓய்ந்து பிணங்கள் வந்ததும் இருவரும் நிமிர்ந்து உட்காருவார்கள். மூச்சு விடும் பிணத்தை முதலில் கண்டுபிடிப்பவர், "மாட்டிக்கிட்டே! எந்திரி!" என்று கத்த வேண்டும். தோற்றவர் டீ போட வேண்டும். ஊர்க் கண்ணையெல்லாம் சோதித்துக் கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர், கல்யாணமான நாளிலிருந்து டீ போட்டுக்கொண்டிருந்தார்.

மகள் போனில் கூப்பிட்டாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"போர்ல இருக்கேன்."

"மறுபடியும் அதே படமா? அம்மா இல்லாம பொணத்த யாரு புடிக்கிறா?"

"நான்தான். இப்பல்லாம் தினமும் ஜெயிக்கிறேன். ஆனா டீயும் நானேதான் போட வேண்டியிருக்கு. என்ன நியாயம் சொல்லு."

மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறியது. "அப்புறம் பேசறேன்ப்பா" என்று வைத்துவிட்டாள்.

மருத்துவமனையில் அவளுடைய கடைசி நாளன்று டாக்டர் குனிந்து அவள் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, இவரைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தார். இவர் போர்வையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க சார். ஏமாத்துவா" என்றார். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போர்வை அசையவே இல்லை.

வெளியே மழை பிடித்திருந்தது. படத்துக்காகத் திரைச்சீலையை இழுத்துப் பட்டப்பகலை இருட்டாக்கிய அறையில், அவளுடைய தலையணையிலிருந்து இன்னும் போகாத தைல வாசனைக்கு அடியில், ஈரக் குதிரையும் கருகிய துணியும் கலந்த மாதிரி வேறொரு வாசனை மெல்லக் கிளம்பியது. படத்தில் காற்று ஊளையிட்டது. சத்தத்தை முழுக்கக் குறைத்தார். காற்று நிற்கவில்லை.

தொப்பையாரின் வயிறு கல்லாகக் கிடந்தது. பின்னால் இருந்தவர்களும் அப்படியே. ஒருவருக்கும் இமை துடிக்கவில்லை. இவ்வளவு நன்றாக யாரும் நடிக்க முடியாது.

புகையின் ஓரத்தில் ஏதோ அசைந்தது.

எழுந்து திரைக்கு அருகே போனார். கவசங்களுக்கு நடுவே ஒரு கம்பளிச் சட்டை. நடுப் பொத்தான் மட்டும் பொருந்தாமல் பெரிதாக இருந்தது. அது அவர் தைத்த பொத்தான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்தில், கைக்குக் கிடைத்ததை எடுத்துத் தைத்தது. "கண்ணாடிக்கடைக்காரர் லட்சணத்தப் பாரு" என்று அந்த வலியிலும் சிரித்தாள்.

பொத்தான் ஏறியது. இறங்கியது.

படத்தை நிறுத்தினார்.

புகை நின்றது. கொடி நின்றது. பொத்தான் நிற்கவில்லை.

பயம் வரவேண்டிய இடத்தில் அவருக்குச் சந்தோஷம் வந்தது. அத்தனை காலத் தோல்விக்குப் பிறகு அவளையே பிடித்துவிட்டார். வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது.

"மாட்டிக்கிட்டே! எந்திரி!"

எழுந்தார்கள்.

முன்வரிசை. அதன் பின்வரிசை. கவசங்கள் உரசின. குதிரைகள் முன்னங்காலை ஊன்றின. அம்பு தைத்த கழுத்துகள் நிமிர்ந்தன. ஆயிரம் பேரும்.

அவள் மட்டும் எழவில்லை.

பொத்தான் நின்றிருந்தது.

"இல்ல... இல்லம்மா." கண்ணாடித் திரையில் உள்ளங்கையை வைத்தார். "நான் பாக்கல. நான் ஒண்ணுமே பாக்கல. நீ படுத்துக்கோ. மூச்சு விடு. டீ நான் போடறேன். எப்பவும் நானே போடறேன்."

தொப்பையார் அவளருகே மண்டியிட்டார். மார்பில் காது வைத்துக் கேட்டார். திரும்பி, திரைக்கு இந்தப் பக்கம் நிற்பவரைப் பார்த்து, மெதுவாகத் தலையசைத்தார்.

பிறகு அவள் பக்கத்தில் கிடந்த உடைந்த ஈட்டிகளை ஒவ்வொன்றாக அப்புறப்படுத்தினார். மண்ணை உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்தினார், படுக்கை தட்டிப் போடுகிறவர் போல. மற்றவர்கள் விலகி நின்றார்கள். ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் ஆனது.

அத்தனை பேரும் இவர் பக்கம் திரும்பினார்கள். முகத்தைப் பார்க்கவில்லை. மார்பைப் பார்த்தார்கள்.

ஏறியது. இறங்கியது.

கண்ணெடுக்காமல், பொறுமையாக, பார்த்துக்கொண்டே நின்றார்கள்.