மழை விட்டதும் எஃப்-10

“ஏங்க, நீங்க வித்த கீபோர்டு என் உசுர வாங்குது!”

நனைந்த லேப்டாப் பையைக் கடை மேசைமேல் வைத்தாள் மகாதேவி. மன்னவனூரில் பூண்டு போடும் வீட்டுப் பெண். அட்டுவம்பட்டியில் அறையெடுத்துத் தங்கி, டாக்டர்கள் பேசி அனுப்பும் பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்பவள். எஃப்-10 அழுத்தினால் பேச்சு நிற்க வேண்டும். ஆனால் சத்தம் மட்டும் அடங்கியது, டாக்டர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார்.

கடைக்காரன் சிவமுருகன் நிமிர்ந்தான். தூக்கம் கெட்டுச் சிவந்த அவள் கண்கள்... அதிலும் இத்தனை அழகா!

“லேப்டாப்புல ஓடுறது லினக்ஸ்ங்களா? அதுல இந்தக் கீபோர்டுக்கு சத்தம், வெளிச்சம் இதெல்லாந்தான் முதல்ல. எஃப் கீ அப்புறந்தான். மாத்திரலாம்ங்க.”

ஒரே ஒரு வரி அடித்தான். அமைப்பில் 1 என்றிருந்த எண் 2 ஆனது. எஃப்-10 சொன்னபடி கேட்டது.

அடுத்த மழை வரைக்கும்தான். கரண்ட் போய், பேட்டரி தீர்ந்து, லேப்டாப்பை மறுபடி போட்டால் எல்லாம் பழையபடி. ஒவ்வொரு மழைக்கும் அலுத்த கால்களோடு அவள் மேடேறி வந்தாள். அவன் இஞ்சி டீ வாங்கித் தந்தான். அந்த டீக்காகவே மழை பெய்யட்டும் என்றுகூட நினைக்கத் தொடங்கியிருந்தாள்...

ஐந்தாம் முறை அவள் டீயைத் தொடவில்லை.

“நெட்டுல பாத்தேன். ஒரு ஃபைல்ல எழுதி வச்சா என்னைக்கும் மாறாதாமே. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்ங்க...” தலை குனிந்தான். “எழுதிட்டா நீங்க வர மாட்டீங்களேன்னு...”

“நா எம்புட்டு அசந்து போயி வாரேன்! வெளையாட்டா இருக்கா உங்களுக்கு? வெரசா எழுதுங்க.”

எழுதினான். அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அப்புறம் இரண்டு மழை. அவள் வரவில்லை. இரண்டு தடவையும் அவன் சொல்லி வைத்த டீ ஆறிப் போனது.

மூன்றாம் மழை விட்ட சாயங்காலம், அதே நனைந்த பை.

“மறுபடி மாறிருச்சுங்களா?” பதறினான்.

“இல்ல. கரண்டு போயிப் போயி வருது, கீ அப்படியேதான் கெடக்கு.” ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. “எனக்குத்தான் ஒரு சோலியும் ஓடல... உங்களப் புடிச்சிருக்கு. இனிமே ஏமாத்தி வரவைக்காதீங்க. கூப்புட்டாலே வருவேன்.”