எட்டாவது யன்னல்

எட்டாவது யன்னலின் கண்ணாடியில், யாரோ கிட்ட நின்று மூச்சுவிட்டதுபோல ஆவி படிந்திருந்தது. அங்கே கண்ணாடியே இல்லை. சீமெந்துச் சுவரில் கருநீலப் பெயின்ற்றால் கீறிய யன்னல் அது. கீறுவித்தவள், கட்டடத்துக்கு வரைபடம் போட்ட ஜெயனி.

சாவகச்சேரியில் பெரிய வீதியைப் பார்த்து எழும்பியிருந்த அந்த ஹோட்டலுக்கு முகப்பில் ஏழு யன்னல்கள்தான் பொருந்தின. மனையடி சாத்திரம் பார்க்கும் முதலாளி சீவரத்தினமோ இரட்டைப்படையில்லாமல் வாசலே திறக்கமாட்டேன் என்று நின்றார். மெதடிஸ்ற் வீட்டுப் பெண்ணான ஜெயனிக்கு உதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் மனுசனோடு மல்லுக்கட்ட அவளிடம் சீவன் இல்லை. முழுக் கொங்கிறீற் சுவரில் ஒரு பொய் யன்னலை வரைந்து கணக்கைச் சரிக்கட்டிவிட்டாள்.

கணவன் நதானியேல் செத்துப்போய் எட்டு மாதம். அன்றிலிருந்து தேத்தண்ணியும் ஒன்றுதான், ஒப்பாரியும் ஒன்றுதான். மகள் அபிகாயிலையும் தொலைத்துவிடுவேனோ என்ற பயம் மட்டும் மரத்த உடம்பில் முள்ளாய்க் கிடந்தது. அதனால்தான் ஏழு வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் விட்டதும் இங்கே கூட்டிவந்து கண்முன்னால் வைத்திருந்தாள்.

மூன்று மணி வெயில் மணல்நிறச் சுவரில் பட்டுக் கண்ணைக் கூச, காயாத பெயின்ற்றின் காரமும் வீதியில் போன பஸ்ஸின் புகையும் மூக்கில் ஏற, எல்லாவற்றுக்கும் அடியில் பூட்டிவைத்த அறையின் ஈரவாடை ஒன்று மெதுவாக எழும்பி வந்தது. அபிகாயில் மேலே பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆருக்குப் பிள்ளை கை காட்டுறாய்?"

"அந்தக் கடைசி யன்னலிலை நிக்கிற ஆளுக்கு. என்னை வரச் சொல்லுறார், அம்மா."

ஜெயனி பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்தாள். நெஞ்சு பதறவில்லை. பதறவேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

"கதிரவேலு அண்ணை, உந்த யன்னலை மூடிப் பூசுங்கோ. இப்பவே."

சுவரோடு கட்டிய மரச்சாரத்தில் நின்ற பெயின்ற்காரர் குனிந்து பார்த்தார். "முதலாளிக்கு எட்டு வேணுமெல்லே, மிஸ்?"

"நான் கதைக்கிறன். நீங்கள் பூசுங்கோ."

அவர் ரோலரை நனைத்தார். மணல்நிறம் கருநீலத்தின் மேல் ஏறியது. மேல் மூலை மறைந்தது. நடு மறைந்தது. உள்ளேயிருந்து ஏதோ தட்டியது. மெல்லத்தான். ஒருமுறை. பிறகு வேகமாக.

"மிஸ், உள்ளுக்கு ஆரோ..."

"ஒருத்தரும் இல்லை. முழுச் சுவர். பூசுங்கோ."

தட்டல் கீழே இறங்கியது. ஒரு சின்னப் பிள்ளையின் உயரத்துக்கு. கதிரவேலு ஒருமுறை கீழே ஜெயனியைப் பார்த்தார். ஆனாலும் பூசினார். கடைசி நீலக்கீற்றும் போனது. தட்டல் நின்றது.

"முடிஞ்சுது பிள்ளை. வா, வீட்டை போவம்."



ஜெயனி குனிந்து பார்த்தாள். அவள் கை இறுக மூடியபடி இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. எப்போது நழுவியது? தெரியவில்லை. அந்தக் கையில் அவளுக்கு உணர்ச்சியே இருக்கவில்லை.

"அபி?"

மேலே கதிரவேலு ரோலரைக் கைவிட்டார். அது சாரத்தில் மோதி மோதி விழுந்தது.

ஈரம் காயாத சுவரில், அவர் கடைசியாகப் பூசிய இடத்தில், பெயின்ற் மெல்லிய தோலாகப் புடைத்து வெளியே வந்தது. ஐந்து சின்ன விரல்கள். பிறகு ஒரு நெற்றி. பிறகு, மூச்சுக்காகத் திறந்த ஒரு வாய்.