நாலாவது டிஸ்க்

“இதை நான்தான் முதல்ல எடுத்தேன்.”

“எடுத்தது நீங்க. முதல்ல பாத்தது நான்.”

“பாத்ததுக்கெல்லாம் சொந்தம் கொண்டாடினா, இந்த சிராங்கூன் ரோடே உங்களுதுதான்.”

சொன்ன பிறகுதான் சயந்தினிக்கு வெட்கமாகப் போயிற்று. முன்பின் தெரியாத ஆளிடம் இப்படியா வாய் கொடுப்பது? ஆனாலும் கையை விடவில்லை. பத்துக் காலி டிவிடிகள் அடங்கிய பாக்கெட்டின் ஒரு முனை அவள் கையில். மறுமுனை, நகக்கண்ணில் மண் ஏறிய ஒரு கையில். நிமிர்ந்து பார்த்தாள். மழையில் நனைந்த தலைமுடி... அதன் கீழே, சண்டைக்கும் வராமல் சிரிக்கவும் துணியாமல் நடுவில் தயங்கிய இரண்டு கண்கள். சட்டென்று பார்வையை பாக்கெட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள்.

“கடைசி பாக்கெட் லா,” என்றார் கடைக்காரர் அப்துல் அலீம் பாய். “நாளைக்குச் சீனப் புத்தாண்டு. சரக்கு போடறவர் நேத்தே கடையைச் சாத்திட்டாரு. இனிமே அடுத்த வாரம்தான்.”

“எனக்கு இன்னைக்கே வேணும் பாய். புது லேப்டாப். தொறக்கும்போதெல்லாம் கேக்குது, ரெக்கவரி டிஸ்க் போட்டு வை, போட்டு வைன்னு. நாலு டிஸ்க் ஆகுமாம். ஒரே ஒரு செட்தான் போட விடுமாம்.”

“வெள்ளி கலர், பதினஞ்சு இஞ்ச், போன ஞாயிறு கண்காட்சியில வாங்கினதா?” என்றான் அவன்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“என்னுதும் அதேதான்.”

பாய் சிரித்துவிட்டார். “அப்புறம் எதுக்குச் சண்டை? ஒரே மாடலுக்கு ஒரு செட் போதும். ஒருத்தர் போட்டு வச்சா ரெண்டு மெஷினுக்கும் ஆகும்.”

“ஆகும். அந்த செட் யார் வீட்டுல இருக்கும்?” என்று கேட்டாள் சயந்தினி.

பாய் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். கத்தரிக்கோலை எடுத்தார். ஆளுக்கு ஐந்தாகப் பிரித்துக் கொடுத்தார். அவன் உறையின் துண்டில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி நீட்டினான். சேதுபதி. கிராஞ்சியில் செடி நர்சரி.

“ஒன்னு ரெண்டு கெட்டுப்போச்சுன்னா கூப்பிடுங்க.”

“எனக்குக் கெட்டுப்போகாது,” என்றாள்.

அப்படிச் சொன்னாளே தவிர, தெம்பனிஸ் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை டிஸ்க்குகளை மடியை விட்டு இறக்கவில்லை. போன லேப்டாப்பும் இப்படித்தான் கேட்டது. இப்போதா, பிறகா? இரண்டு வருஷம் தினமும் ‘பிறகு’ என்றே அழுத்தினாள். ஒருநாள் திரை கறுத்தது. மாலை வகுப்புக்கு எழுதிய கட்டுரை முழுக்கப் போயிற்று. மெஷினையாவது எழுப்பலாமென்றால், ரெக்கவரி டிஸ்க் எங்கே என்று கேட்டார்கள். படிப்பில் ஒரு வருஷம் வீணாயிற்று. அது மட்டுமா? பெண் பார்க்க வந்தவர்களுக்கும் ‘பிறகு சொல்றோம்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவரைப் பிடித்துக்கூட இருந்தது. அவள் ‘பிறகு’ முடிவதற்குள் அவருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. இப்போது முப்பத்து மூன்று வயது. பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். வீட்டில் அவளும் அப்பா அந்தோனிப்பிள்ளையும் மட்டும்.

முதல் டிஸ்க் சரியாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது பாதியில் நின்றது. நாலாவதை மூன்றாவதாகப் போட்டாள்... தப்பித்தது. கையில் ஒன்றே ஒன்று. சிலுவைக்குறி இட்டுக்கொண்டு உள்ளே தள்ளினாள்.

தொண்ணூற்றாறு சதவிகிதத்தில் அதுவும் கெட்டது.

‘நாலாவது டிஸ்க்கை இடவும். இப்போது மூடினால் மீண்டும் உருவாக்க இயலாது.’

“என்ன பிள்ளை, மூஞ்சி இப்பிடிக் கிடக்கு?” என்றார் அப்பா.

“ஒண்டுமில்லை அப்பா. அந்த மேசைப் பக்கம் போகாதேங்கோ. வயரில கால் பட்டிடும்.”

உறைத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நடந்தாள். கடைசியில் கூப்பிட்டாள்.

“ஹலோ... காலையில பாய் கடையில...”

“சிராங்கூன் ரோடே என்னுதுன்னு எழுதிக் கொடுத்தவங்களா?”

அந்தப் பதற்றத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. “ரெண்டு கெட்டுப்போச்சு. நாலாவதைக் கேட்டுக்கிட்டு நிக்குது. வீடு தெம்பனிஸ்ல.”

“எதையும் தொடாதீங்க. கடைசி டெலிவரி தெம்பனிஸ்லதான். ஆறு மணிக்குள்ள வந்துடறேன்.”

வந்தான். ஒரு கையில் இரண்டு டிஸ்க். மறு கையில், சீனர்கள் புத்தாண்டுக்கு வாசலில் வைக்கிற, பொடிப்பொடியாய் ஆரஞ்சுப் பழங்கள் காய்த்த ஒரு தொட்டிச் செடி.

“விக்காம நின்னுபோச்சு, அங்கிள். வச்சுக்குங்க.”

“நாங்கள் சீனப் புத்தாண்டு கொண்டாடுறேல்லையே, தம்பி.”

“ஊறுகாய் போடலாம்.”

“தம்பி எங்கே வேலை செய்யிறீர்?”

“கிராஞ்சில செடி வளக்கிறேன்.”

“அரசாங்கத்திலயோ?”

“இல்ல அங்கிள். மண்ணுல.”

அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அவர் செய்தித்தாளை விரித்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். சயந்தினிக்குக் காது சுட்டது.

அவன் கொண்டுவந்த முதல் டிஸ்க்கும் கெட்டது. இரண்டாவதைப் போட்டுவிட்டு இருவரும் திரையைப் பார்த்தார்கள். தொண்ணூற்றாறு... அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“திறங்க. முடிஞ்சிருச்சு.”

திறந்தபோது முதலில் தெரிந்தது திரை அல்ல. அவன் முகம்.

செடிப் பெயர் எழுதுகிற தடித்த பேனாவால் டிஸ்க்கின் மேல் ‘4’ என்று எழுதினான் சேதுபதி. “ஒன்னு தெரியும்ல? இதைப் போட்டா உள்ள இருக்கற உங்க எழுத்து, படம் எல்லாம் அழிஞ்சிடும். மெஷின் மட்டும்தான் திரும்பி வரும். பெட்டியிலேர்ந்து எடுத்த முதல் நாள் மாதிரி.”

“அப்ப நான் எழுதறதெல்லாம்?”

“அதைத் தனியா வேற எடத்துல எடுத்து வைக்கணும்.”

“இப்ப உங்ககிட்ட மூணுதானே மிச்சம்? நாலு வேணுமே.”

“கடை தொறந்ததும் வாங்கிக்கறேன்.”

“அதுவரைக்கும்?” என்றவள், யோசிக்காமலே சொன்னாள். “இது நம்ம செட்டா இருக்கட்டும். ஒரு மாசம் என்கிட்ட, ஒரு மாசம் உங்ககிட்ட. முதல் ஞாயிறு, பாய் கடை வாசல்ல.”

‘நம்ம’ என்ற சொல் வாயை விட்டுப் போன பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

கடைகள் திறந்தன. டிவிடிகள் வந்து குவிந்தன. அவன் வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று அவளும் கேட்கவில்லை. ஞாயிறு காலைப் பூசை முடிந்து வருவாள். அவன் லாரியை எங்கோ நிறுத்திவிட்டு நடந்து வருவான். நாலு டிஸ்க்கும் போட்டு வைத்த நீல உறை கை மாறும். ஒரு டீ. அரைமணிப் பேச்சு. பிறகு ஒரு மாதம் முழுக்க அந்த அரைமணியே ஓடிக்கொண்டிருக்கும். விரல் பட்டதா, படவில்லையா? போனவாரம் பூத்த ஆர்க்கிட் படத்தைக் காட்டினானே, அதைப் பார்க்கச் சொன்னானா, இல்லை, அங்கே வரச் சொன்னானா?

ஜூலை முதல் ஞாயிறு. அவன் நீட்டிய நீல உறையை அவள் வாங்கிய நேரத்தில்தான் எதிரே சுசீலா அக்கா வந்தாள். அவள் வேலை செய்கிற பள்ளிக்கூட அலுவலகத்தில் மூத்தவள். அப்பாவுக்கும் தெரிந்தவள்.

“யாரு சயந்தினி இவரு?”

ஒரே கணம். சுசீலாவிடமிருந்து அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து விரித்த செய்தித்தாளுக்கு... எல்லாம் கண்முன் ஓடியது. உண்மையைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

“இவரா... லேப்டாப் ரிப்பேர் பண்றவரு, அக்கா.”

சுசீலா போன பிறகு சேதுபதி டீயைக் குடித்து முடித்தான்.

“அடுத்த மாசமும் செட் உங்ககிட்டயே இருக்கட்டும்,” என்றான். “ரிப்பேர் வந்தா சொல்லுங்க.”

அந்த மாதம் அவளுக்கு நகரவே இல்லை. தொலைபேசியை எடுப்பாள், வைப்பாள். மன்னிப்புக் கேட்டால் ஏன் பொய் சொன்னாய் என்பான். அதற்குப் பதில் சொன்னால் எல்லாவற்றையுமே சொன்னதாகிவிடும். பிறகு... பிறகு...

ஆகஸ்ட் முதல் ஞாயிறு பத்து மணியிலிருந்து பாய் கடை வாசலில் நின்றாள். பதினொன்றரை ஆயிற்று.

“அவன் வரமாட்டாம்மா,” என்றார் பாய். “மூணு வாரமா அவன் மெஷின் எழுந்திரிக்கல. வேற எதுக்கோ கடைக்கு வந்தான். ரெக்கவரி செட் இல்லையாடான்னு கேட்டேன். இருக்கு பாய், ஆனா என்கிட்ட இல்லன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.”

அவள் அதற்கு மேல் நிற்கவில்லை.

கிராஞ்சியில் ரயிலை விட்டு இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பஸ் நாற்பது நிமிடம் வரவே இல்லை. நீல உறையை ரவிக்கைக்கும் தாவணிக்கும் நடுவே மறைக்க அவள் என்ன பாவாடை தாவணியா கட்டியிருந்தாள்? பிளாஸ்டிக் பையில் சுற்றி, குடையை உறைக்குப் பிடித்து, தான் நனைந்தாள்.

பச்சை வலைக்கூரையின் கீழே தொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். அதே நனைந்த தலை. அதே கண்கள். ஆனால் இப்போது அவற்றில் சிரிப்புக்கு இடமே இல்லை.

“ஏன் கூப்பிடல?” என்றாள் மூச்சு வாங்க. “மூணு வாரமா மெஷின் கெடந்து... செட் என்கிட்டதானே இருக்கு.”

“ரிப்பேர் பண்றவன் மெஷினே ரிப்பேர்னு எப்படிங்க சொல்றது?”

சுருக்கென்றது. பட வேண்டியதுதான் என்று வாங்கிக்கொண்டாள்.

“மெஷினைக் குடுங்க.”

கொட்டகை மேசையில் முதல் டிஸ்க்கைப் போட்டாள். அவன் தள்ளி நின்றான். இரண்டாவது. கூரைமேல் மழை கொட்டியது. மூன்றாவது. ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது.

“படமெல்லாம் போயிடுமே?” என்றாள் திரும்பாமல்.

“தனியா எடுத்து வச்சிருக்கேன்.”

“ஏன் புதுசா டிஸ்க் வாங்கல, இத்தனை மாசமா?”

“வாங்கிட்டா மாசா மாசம் எதுக்கு வர்றது?”

‘4’ என்று அவன் எழுதிய டிஸ்க்கை அவள் உள்ளே தள்ளினாள்.

“அன்னைக்குத் தெம்பனிஸ்ல டெலிவரியும் கெடையாது,” என்றான் அவன் மெதுவாக.

“தெரியும்.”

“எப்படி?”

“விக்காத செடியில ஒரு பழம்கூட உதிராம இருக்குமா?” குரல் இறங்கியது. “அப்பா தினமும் அதுக்குத் தண்ணி ஊத்துறாரு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு.”

திரை வெளுத்தது. முதல் நாள் மாதிரியே, உங்கள் பெயர் என்ன என்று கேட்டது. இருவரும் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சயந்தினி தொலைபேசியை எடுத்தாள். விரல் ஈரத்தில் வழுக்கியது. இரண்டு முறை தப்பாக அழுத்தி மூன்றாம் முறை சரியாக அழுத்தினாள். மழைச் சத்தத்தில் கேட்கவேண்டுமே என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“சுசீலா அக்கா... போன மாசம் பாய் கடை வாசல்ல ஒருத்தரைப் பாத்தீங்களே. ரிப்பேர் பண்றவருன்னு சொன்னேன்ல.”

“ஆமா. என் மெஷினும் ஸ்லோவா இருக்கு, நம்பர் குடேன்.”

“குடுக்க முடியாது, அக்கா. அவரு ரிப்பேர் பண்றவர் இல்ல. பயத்துல பொய் சொல்லிட்டேன். அவரு பேரு சேதுபதி. செடி வளக்கிறாரு. நான்... நான் கட்டிக்க நினைக்கிறவரு.”

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது. பிறகு, “அப்பாவுக்குத் தெரியுமா?”

“இன்னைக்குச் சொல்லப் போறேன்.”

“அவருக்காவது தெரியுமா?”

“இப்பதான் தெரியும். பக்கத்துல நிக்கிறாரு.”

“நிக்கிறாருன்னா? என்ன சொல்றாரு?”

அவனைப் பார்க்கத் துணிவில்லை. திரையில் காலியாகக் கிடந்த அந்தக் கட்டத்தில் சிறு கோடு மினுங்கிக்கொண்டிருந்தது. மண் ஏறிய நகங்களோடு ஒரு கை நீண்டு வந்தது. நீல உறையை எடுத்து, நாலு டிஸ்க்கையும் ஒவ்வொன்றாக உள்ளே வைத்து, அவள் கையில் கொடுத்தது. கொடுத்த கை அப்படியே இருந்தது.

சேதுபதி தொலைபேசியின் பக்கம் குனிந்தான்.

“ஒரு வீட்டுக்கு ஒரு செட் போதும்னு சொல்றேன், அக்கா.”

“என்ன செட்டு லா?” என்றாள் சுசீலா.